முப்பத்தேழு குறைகளும் ஓர் எலுமிச்சம்பழமும்

"அம்மா, என்னை ஏமாத்திட்டான்."

செருப்பைக் கழற்றக்கூட மறந்து ஆசிரமத்துக்குள் வந்து நின்றார் அம்பலவாணன். மலையடி அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு, இந்த அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் ஒன்றும் எத்தனை என்பதே சந்தேகமாகிவிடும். அது பிடித்துப்போய்த்தான் வந்துகொண்டிருந்தார்.

"யாரு ஏமாத்தினது?"

"வீட்டை வித்தவன். பொன்னுரங்கம்."

"போர்வெல்லுக்கு மோட்டார் இறக்குவாரே, அவரா?"

"அவனேதான். இன்ஜினீயர் கிடையாது, கொத்தனார் கிடையாது. புருஷனும் பொண்டாட்டியுமா மூணு வருஷம் மண்ணு சுமந்து தானே கட்டின வீடு. சொந்தக் கையால கட்டினது, ஒழுங்கா இருக்கும்னு நம்பி வாங்கினேன். ஆறு மாசத்துல வீடு பூராக் குறை."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். முழங்கால் வரை தொங்கியது.

"முப்பத்தேழு. அளந்து எழுதியிருக்கேன்."

"படிங்க, வாத்தியாரே."

"ஒண்ணு, படுக்கையறைக் கூரை ஒழுகுது. ரெண்டு, மாடிப்படியில மூணாவது படி மட்டும் ஒன்றரை அங்குலம் உசரம். மூணு, குளியலறைத் தண்ணி குழிக்குப் போகாம கதவைப் பார்த்து வருது..."

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் படித்துக்கொண்டே போனார். ஒன்பதாவது, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது. இருபதாவதில் நிமிர்ந்து பார்த்தபோது அம்மாவின் கண்ணில் நீர். தனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனார். வெங்காயத்தை அவர் மறந்துவிட்டார்.

"இதுல எது உங்களைத் தூங்க விடலை?"

"ஒழுகல்தாம்மா. கட்டில்ல நாங்க ரெண்டு பேரு, நடுவுல ஒரு குண்டான்."

"என்ன செஞ்சீங்க?"

"நாலு தடவை பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சாச்சு. கறை தெரிஞ்ச மறுநாளே அடிச்சிருவேன்."

"எங்க?"

"கறை இருக்கிற இடத்துலதான். கூரைக்கு அடியில."

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் தெருக்காரங்க அஞ்சு பேரை வரச் சொல்லியிருக்கேன். அவனையும் வரச் சொல்லியாச்சு. எல்லாரு முன்னாலயும் இதைப் படிக்கப்போறேன். இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் அவனை நம்பி ஒரு மோட்டாரை இறக்கச் சொல்லக்கூடாது. உங்க ஆசீர்வாதம் வேணும்."

வெறும் மிரட்டல் இல்லை இது. வாத்தியார் ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் அந்த ஊரில் மேல்முறையீடு கிடையாது. பொன்னுரங்கத்துக்குப் பிழைப்பே நல்ல பெயர்தான்.

"ஆசீர்வாதத்தை நேர்ல வந்து தரேன்," என்றார் அம்மா. "ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வைங்க. நல்லா உருண்டையா இருக்கணும்."

அம்பலவாணனுக்குப் புல்லரித்தது. அம்மா எந்த வீட்டுக்கும் போய்த் திருஷ்டி கழித்ததில்லை. தன் வீட்டுக்கு வந்து கழிக்கப்போகிறார். சந்தையில் கூடை கூடையாகப் பழத்தைப் புரட்டி, கடைக்காரியிடம் வசை வாங்கி, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். குறை சொல்ல முடியாத பழம்.

ஞாயிறு காலையிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. ஐப்பசி. ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். மாவு மில் தண்டபாணி அவர்களில் மூத்தவர், குடையோடு வந்திருந்தார். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நின்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் அவர்களுக்கு இரண்டடி தள்ளி நின்றார். துவைத்துத் தேய்த்த சட்டை. தோள் துண்டை மட்டும் பிழிந்துகொண்டே இருந்தார்.

அம்மா வந்தார். குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்த தட்டை வாத்தியார் மனைவி சௌந்தரம் நீட்டினாள். அம்மா பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"மாடிக்குப் போலாம்."

மற்றவர்கள் கீழேயே நிற்க, வாத்தியார் மட்டும் பின்னால் போனார். மூன்றாவது படியில் அம்மா இடறினார்.

"ரெண்டாவது குறை," என்றார் அம்பலவாணன் பெருமையாக.

மாடியில் வடகிழக்கு மூலையில், கைப்பிடிச் சுவரின் அடியில், மழைத்தண்ணீர் போகிற குழாய் ஒன்று இருந்தது. அம்மா குனிந்து கையை விட்டார். தேங்காய் நார் வந்தது. பின்னாலேயே ஓர் அணில் பாய்ந்து ஓடியது.

"இதுல தண்ணியே வந்ததில்லையா?"

"வரலைம்மா. அணில் பதினஞ்சாவது குறை."

அம்மா அந்தக் குழாய்ப் பக்கத்திலேயே, வழவழவென்று சிமெண்ட் பூசிய தரையில் பழத்தை வைத்து, கையை எடுத்தார்.

பழம் சும்மா இருந்தது. அப்புறம் லேசாக அசைந்தது. அப்புறம் உருண்டது.

குழாயை விட்டு விலகி உருண்டது. அம்பலவாணன் பின்னாலேயே நடந்தார். பழம் நடு மாடியைத் தாண்டி வேகம் பிடித்தது. வாத்தியார் ஓடினார். எதிர்மூலைச் சுவரில் போய் இடித்து நின்றது பழம். தென்மேற்கு. கன்னி மூலை. அதற்கு நேர் கீழேதான் படுக்கையறை, கட்டில், குண்டான்.

"நீங்க வச்சுப் பாருங்க," என்றார் அம்மா.

வைத்தார். அங்கேயே போனது. வேறொரு ஓரத்திலிருந்து விட்டுப் பார்த்தார். கொஞ்சம் வளைந்து, அங்கேயே போனது. படி ஏறிய வயதெல்லாம் இறங்கிவிட்டது அவருக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி முழுக்கப் பழத்தைத் துரத்தினார்.

"தரை வாட்டம், அம்மா. எல்லாச் சரிவும் ஒரே பக்கம். நூல் பிடிச்ச மாதிரி எடுத்திருக்கான்."

அப்போது மழை பிடித்தது. தூறல் கீறல் எதுவும் இல்லாமல் ஒரேயடியாகக் கொட்டியது. மாடித் தண்ணீர் அத்தனையும் பழம் போன வழியே விழுந்தடித்துப் போனது. கன்னி மூலையில் கண்ணெதிரே குளம் கட்டியது.

அம்பலவாணன் குளத்துக்குள் இறங்கி மண்டியிட்டுச் சுவரைத் தடவினார். அடிச்சுவரில் கையளவு வட்டமாக ஒரு பூச்சு. சுற்றிலும் பழைய சிமெண்ட், அது மட்டும் புதுசு.

"இங்க ஒரு ஓட்டை இருந்திருக்கு." மூச்சு வாங்கியது அவருக்கு. "அடைச்சு வச்சிருக்கான் பாவி. தண்ணி போற வழியை அடைச்சுட்டு அணில் குடியிருக்க ஒரு குழாயைப் போட்டிருக்கான். கண்டுபிடிச்சாச்சும்மா. இது முப்பத்தெட்டு."

நனைந்த தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"எழுதுங்க," என்றார் அம்மா. "யாரு அடைச்சதுன்னும் சேர்த்து எழுதிருங்க."

பேனா தாளில் பட்டது. அதோடு நின்றது.

பத்திரம் பதிவதற்கு முந்தின நாள். இதே மூலை. பக்கத்தூர் வாஸ்துக்காரரோடு நின்றது யார்? கன்னி மூலையில் தண்ணீர் போனால் குடும்பம் விளங்காது, வடகிழக்கு ஈசானியத்தில்தான் போகணும் என்று அவர் சொன்னதும், 'நாளைக்குள்ள மாத்தினாத்தான் கையெழுத்து' என்று பொன்னுரங்கத்திடம் சொன்னது யார்?

பொன்னுரங்கம் அன்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது.

'சார், வாட்டம் இந்தப் பக்கமா எடுத்தது. ஓட்டையை மட்டும் மாத்தினா தண்ணி கேக்காது சார்.'

'தண்ணியை நான் பார்த்துக்கறேன். நீ சொன்னதைச் செய்.'

ஒரு ராத்திரியில் செய்து முடித்திருந்தான். இந்த ஆறு மாதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. வாத்தியாரை எதிர்த்துப் பேசினால் யார் நம்பப்போகிறார்கள்?

கீழேயிருந்து தண்டபாணியின் குரல் வந்தது. "சார், மழை வலுக்குது. லிஸ்டைப் படிச்சிருங்க, முடிவு பண்ணிருவோம்."

அம்பலவாணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தை அண்ணாந்து மழையை வாங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

முப்பத்தேழையும் படித்துவிட்டு வரலாம். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆசை வந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை.

வாத்தியார் ஓடினார். மூன்றாவது படியில் இடறி, சமாளித்து, பின்கட்டிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஓடி வந்தார். புதுப் பூச்சைக் குத்தினார். ஒரு குத்து. இரண்டு. நாலாவது குத்தில் பெயர்ந்தது.

குளம் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகச் சந்தில் போய் விழுந்தது. ஐந்து பேரும் ஐந்து பக்கம் சிதறினார்கள். தண்டபாணியின் குடை மடங்கிப் பின்பக்கம் திரும்பிக்கொண்டது.

"போகுது, சௌந்தரம், போகுது," என்று கத்தினார் அம்பலவாணன். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு அந்த வீட்டில் அதுவரை வந்ததில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். குரலை இறக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற வகுப்புக் குரல்.

"தண்டபாணி, எல்லாரும் கேட்டுக்குங்க. இதை அடைக்கச் சொன்னது நான்தான். பொன்னுரங்கம் வேண்டாம்னு சொன்னார். நான்தான் கேக்கலை. வீடு ஒழுகினது என்னால."

சிதறினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

பொன்னுரங்கம் மட்டும் நகராமல் அந்தத் தண்ணீருக்கு அடியிலேயே நின்றிருந்தார். தேய்த்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. துண்டைப் பிழிவதை நிறுத்தியிருந்தார்.

"சார்."

"சொல்லுங்க."

"அந்த மூணாவது படி என் தப்புதான் சார். அன்னிக்கு வேற சூளைச் செங்கல் வந்துருச்சு, அளவு மாறிப்போச்சு. வித்த நாள்லேருந்து உறுத்திக்கிட்டே இருக்கு. நாளைக்கு வந்து இடிச்சுக் கட்டிடறேன்."

"நான் கல்லு எடுத்துக் கொடுக்கறேன்," என்றார் அம்பலவாணன். அவர் கையிலிருந்த தாளில் மசி முழுக்கக் கரைந்து விரல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

சௌந்தரம் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"அம்மா, பழத்தை முச்சந்தியில போட்டு மிதிக்கணுமா?"

அம்மா சுவரோரம் போய்ப் பழத்தைக் கீழே போட்டார். பொன்னுரங்கம் இரண்டு கையையும் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

"பழத்தோட வீட்டுக்குள்ள வாங்க," என்றார் அம்மா. "குளியலறை வாட்டம் இன்னும் பாக்கி."