ராஜாவின் தொந்திக்குத் தையல்

கொன்றையூர்ச் சீமையை ஆண்ட உதயமார்த்தாண்ட ராஜாவுக்கு எதிரிகள் குறைவு. வீட்டுக்குள்ளேயே இருந்த எதிரி, அவருக்கு ஓரடி முன்னால் நடந்துபோகும் தொந்திதான்.

விஜயதசமி ஊர்வலம் நெருங்கியது. பாட்டனாரின் கவசத்தை மாட்டிக்கொண்டு ராஜா குதிரையேற வேண்டும். கவசத்தின் வார் ஒரு சாண் எட்டவில்லை. வேடிக்கை பார்க்க மணலூர் ராஜா வேறு விருந்தாளியாக வருகிறார்.

அரண்மனை வைத்தியர் மருதப்பரை ராஜா கூப்பிட்டார்.

"புண்ணையெல்லாம் அறுத்துத் தைக்கிறீரே, இந்தத் தொந்தியையும் அறுத்துத் தைத்துவிடும்."

"தைக்கலாம் மகாராஜா. சதையைக் குறைத்து, தோலை இழுத்துத் தைக்கலாம். அதற்குப் பிறகுதான் கஷ்டம். தோல் இறுகிப்போய், பல நாள் குனிந்தேதான் நடக்கவேண்டும். சிரிக்கக்கூடாது, தும்மக்கூடாது. சட்டென்று நிமிர்ந்தால் தையல் விட்டுவிடும்."

"வலிக்குப் பயந்தவனா நான்? நாளை மறுநாள் கத்தி வையும். மறுத்தால் உம் கழுத்தில் வைப்பேன்."

வைத்தியர் நேரே அரண்மனை விகடகவி அம்பலக்கூத்தரிடம் ஓடினார். சபையில் ராஜாவிடம் வாய் திறந்து பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"அறுத்தால் ராஜா பிழைப்பாரோ தெரியாது. அறுக்காவிட்டால் நான் பிழைக்கமாட்டேன்" என்றார் வைத்தியர்.

"நீர் போய்க் கத்தியைத் தீட்டிக்கொண்டிரும். சத்தம் ராஜாவுக்குக் கேட்கட்டும்" என்றார் கூத்தர்.

மறுநாள் காலை கூத்தர் ராஜாவிடம் போனார். "குதிரையேறவே ஒத்திகை பார்க்கிறோம், மகாராஜா. இதற்கு வேண்டாமா? இன்று ஒரு நாள், அறுத்துத் தைத்த மாதிரி இருந்து பாருங்கள்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. நான்கு பேர் சேர்ந்து இழுத்துத் தொந்தியை வேட்டியால் இறுக்கிக் கட்டினார்கள். அதன்மேல் கூத்தர் ஒரு மல்லிகைச் சரத்தைச் சுற்றி முடிந்தார்.

"இதுதான் தையல். இது அறுந்தால் நிஜத் தையலும் அறுந்தது என்று வைத்துக்கொள்வோம்."

காலை ஆகாரம் நொய்க்கஞ்சி. அதைக் குடித்துவிட்டு ராஜா குனிந்தபடி சபைக்குப் புறப்பட்டார்.

கொன்றையூரில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா யார் முன் தலை குனிகிறாரோ, அவருக்குச் சபையில் ஆசனம் தரவேண்டும். அதுவரை எந்த ராஜாவும் குனிந்ததில்லை. அதனால் வழக்கத்துக்கு வேலை வந்ததில்லை.

வாசலில் குடைக்கார வேலப்பன் நின்றான். ராஜா அவன் முன் குனிந்தபடி கடந்தார்.

"வேலப்பனுக்கு ஆசனம்" என்றார் பின்னால் வந்த கூத்தர்.

"சாமி, நான் நின்றே பழகினவன்."

"ராஜாவே குனிந்துவிட்டார். உட்காராவிட்டால் அவருக்குத்தான் அவமரியாதை."

அடுத்தவர் சமையல்காரர். கஞ்சிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து சலவைக்காரர். அவருக்காகத் தளபதி எழவேண்டியதாயிற்று.

"நான் எங்கே உட்காருவது?" என்றார் தளபதி.

"ராஜா இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை. பொறுங்கள்."

ராஜாவின் உதடு துடித்தது. "சிரிப்பு வருகிறதே, கூத்தரே."

"வரக்கூடாது மகாராஜா. தையல் இருக்கிறது."

மணலூர் ராஜாவின் வருகைக்கு ஏற்பாடு செய்ய வந்திருந்த தூதன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ராஜாவின் வழியில் கைகட்டி நின்றான்.

"எங்கள் ராஜாவின் சார்பில் நிற்கிறேன். மெதுவாகவே வாருங்கள், மகாராஜா. எனக்கு அவசரமில்லை."

குனிந்திருந்த ராஜாவுக்கு முதலில் அவனுடைய செருப்புதான் தெரிந்தது. மணலூரான் முன் கொன்றையூர் குனிந்தது என்ற சேதி போனால் போதும், அப்புறம் அவர்களுக்குப் படையே தேவையில்லை.

ராஜா விறுக்கென்று நிமிர்ந்தார். சரம் அறுந்து, பூவெல்லாம் அந்தச் செருப்பின்மேல் கொட்டியது.

"தையல் விட்டுவிட்டது" என்றார் வைத்தியர், மூலையிலிருந்து மெதுவாக.

"உம்முடைய கத்தியைக் காய் நறுக்கக் கொடுத்துவிடும்" என்றார் ராஜா. "கவசத்துக்கு நீளமான வார் தைக்கச் சொல்லுங்கள். முதலில் இந்தக் கட்டை அவிழுங்கள்."

கட்டு அவிழ்ந்தது. தொந்தி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. வைத்தியர் தம் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"உமக்கு என்ன வேண்டும், கூத்தரே?"

"எல்லோருக்கும் ஆசனம் கிடைத்தது. நான் மகாராஜாவுக்குப் பின்னாலேயே வந்ததால் எனக்கு மட்டும் இல்லை."

"அப்படியானால் முன்னால் வாரும்."

ராஜா அவர் முன் குனியப் பார்த்தார். தொந்தி தடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். அது விடவில்லை.

"வேண்டாம் மகாராஜா" என்றார் கூத்தர். "இத்தனை வருஷம் உங்களை யாருக்கும் குனியவிடாமல் காத்தது இதுதான். இந்தக் காவலையா அறுக்கப் பார்த்தோம்?"

ராஜா சிரித்தார். தையல் எதுவும் இல்லையே, தொந்தி குலுங்க வேண்டியமட்டும் சிரித்தார். சமையல்காரர் பானையோடு எழுந்து தம் ஆசனத்தைக் கூத்தருக்குக் கொடுத்துவிட்டு, மத்தியானச் சமையலைப் பார்க்க ஓடினார். காலையில் ராஜா வெறும் கஞ்சிதானே குடித்திருந்தார்.