குன்றர் மொழியில் ஒரு வாக்கியம்

மலையடிவாரத்து மடத்தில் கோமதியம்மாதான் குரு. பாடம் கேட்க வந்த ஆவுடையப்பன் அவரைவிட எட்டு வயது மூத்தவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார்; சீடர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

ஒருநாள் காலையில் ஆவுடையப்பன் ஒன்பது நோட்டுகளைத் துண்டில் கட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். முற்றத்தில் புளி உலர்த்திக்கொண்டிருந்த கோமதியம்மா எங்கே என்று கேட்டார். வெந்நீர் அடுப்புக்கு என்றார் ஆவுடையப்பன்.

நோட்டு முழுக்க ஒரு மொழி. மலைக்குள் வாழ்வதாக அவராகவே கற்பனை செய்த குன்றர்களுக்குப் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்து உண்டாக்கியது. குன்றர்களுக்குக் கல் உடம்பு, ஆயிரம் வருஷ ஆயுசு, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால், நிழல் ஒரு சாண் நகர்ந்த பிறகுதான் அடுத்தது. நடுவில் வரும் மௌனத்துக்கும் இலக்கணம் உண்டு. கேட்கிறவர் இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்திருக்க வேண்டும். பாதியில் எழுந்தால் சொன்னதெல்லாம் சொல்லாததாகிவிடும்.

எழுந்து போகாதவர் இதுவரை ஒருவரும் இல்லை. வீட்டுக்காரி பால் பொங்குகிறதென்று முதல் வார்த்தையிலேயே போய்விட்டாள். மடத்துச் சமையல்காரர் பேச்சிமுத்து மூன்றாவது வரை இருந்தார், அதுவும் தூங்கிப்போனதால். குன்றர் வீடு தீப்பிடித்தால், அவர்கள் ‘தீ’ என்று சொல்லி முடிப்பதற்குள் பழைய கூரை விழுந்து புதுக் கூரையே போட்டுவிடலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

“முழுசாக் கேட்க ஒரு ஆள் இல்ல. இது ஒரு மொழியாம்மா?” என்றார் ஆவுடையப்பன்.

கோமதியம்மா புளிக்கையை முந்தானையில் துடைத்தார். கொடிக்கம்பத்தின் அருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மண்ணில் பதித்தார்.

“சொல்லுங்க.”

ஆவுடையப்பனுக்கு ஒன்றும் ஓடவில்லை. நோட்டில் எழுதிவைத்த வாக்கியம் எதுவும் நாக்குக்கு வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் என்ன படிப்பு என்று மூன்று மடங்களில் திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது. இங்கே வந்த அன்று இந்த அம்மா ஒன்றும் கேட்காமல் பாய் எடுத்துக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. மனசுக்குள் குன்றர் மொழியில் புதிதாக ஏழு வார்த்தை சேர்ந்தது. எதிரில் உட்கார்ந்து முதல் வார்த்தையைச் சொன்னார்.

கம்பத்து நிழல் நகர்ந்தது. இரண்டாவது. பிறகு மூன்றாவது. பேச்சிமுத்து பழையசோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். குருவைப் பார்க்க வந்தவர்களில் சிலர் காத்திருந்தார்கள், சிலர் கிளம்பிவிட்டார்கள்.

ஐந்தாவது வார்த்தைக்குப் பின் மேகம் கவிந்து நிழலே இல்லாமல் போனது. அப்போது என்ன செய்வதென்று எந்த நோட்டிலும் இல்லை. ஆவுடையப்பன் விழித்தார். கோமதியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடை மழை சடசடவென்று இறங்கியது. பேச்சிமுத்து புளி, புளி என்று கத்திக்கொண்டு பாதியை அள்ளினார். மீதி கரைந்து ஓடியது. எழுந்திருங்கள், போதும் என்று ஆவுடையப்பன் கண்ணாலேயே கெஞ்சினார். குரு கைகளை இன்னும் அழுத்திப் பதித்தார்.

மழை விட்டு வெயில் வந்தது. ஆறாவது. மலைக்குப் பின்னால் பொழுது இறங்குகிற நேரத்தில் ஏழாவது.

கோமதியம்மா கையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, மரத்துப்போன காலை மெல்ல நீட்டினார்.

“என்ன சொன்னேன்னு தெரிஞ்சுதா அம்மா?”

“எனக்கு நன்றி சொன்னீங்க. ரெண்டாவது வார்த்தையிலயே முகத்துல தெரிஞ்சுபோச்சு.”

“அப்பவே எழுந்திருக்கலாமே. புளியும் போச்சு, சோறும் போச்சு.”

“எனக்குத் தெரிஞ்சாப் போதுமா அண்ணாச்சி? நீங்க சொல்லி முடிக்க வேண்டாமா?”