புழுதியில் குளித்த வாத்துக் குஞ்சுகள்

வாத்து மேய்க்கும் மூக்கையா சொல்லும் இந்தக் கதையை அவருடைய தங்கை கணவர் தவசி பல வருடங்களாக நம்பவில்லை. கோழி பேசியது என்பதைக்கூட ஏற்றுக்கொண்டார். அவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்த அந்தக் கோழியாலேயே குஞ்சுகளுக்கு ஆபத்து வந்திருக்குமா என்பதுதான் அவரை உறுத்தியது.

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏரிக்கரையில் ஒரு கோழியும் ஒரு வாத்தும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. அறுவடை முடிந்த வயல்களைத் தேடி வாத்து வெகுதூரம் போக வேண்டி வந்தது. முட்டைகளைக் கோழியிடம் விட்டது.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் பாத்துக்க."

"முட்டை உன்னோடதுன்னா என்ன, சூடு என்னோடதுதானே? போயிட்டு வாடி."

குஞ்சுகள் பொரிந்தன. அன்றோடு கோழியின் தூக்கம் போயிற்று. பனி பட்டுவிடுமோ என்று இரவெல்லாம் இறக்கையைத் தளர்த்தாது. பகலில் மேகத்தின் நிழலைக்கூடப் பருந்து என்று நினைத்து நடுங்கும். குஞ்சுகளோ ஏரிக்காற்று வீசினாலே தண்ணீர்ப் பக்கம் கழுத்தை நீட்டின.

கரையில் நின்ற கொக்கு சிரித்தது. "வாத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணியே காட்டாம வளக்குறியே! நாளைக்கு அவ வந்து கேட்டா குப்பைமேட்டைக் காட்டுவியா?"

கோழிக்குச் சுருக்கென்றது. கூட்டிப்போனால் பயம், போகாவிட்டால் பழி. மறுநாள் வெயில் நன்றாக ஏறியபின், வானத்தை நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்பியது. அதற்கு முன் குஞ்சுகளைச் சுடுபுழுதியில் புரட்டிப் புரட்டித் தேய்த்தது. கோழிக்குத் தெரிந்த குளியல் அதுதான். பஞ்சுபோல் நின்ற பிள்ளைகளைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டது.

குஞ்சுகள் ஏரியில் குதித்தன. கொஞ்ச நேரம் மிதந்தன. பிறகு பூஞ்சிறகு நனைந்து கனத்து, உடல்கள் மெல்லத் தாழ்ந்தன.

"போதும், வாங்கடா! கரைக்கு வாங்கடா!"

கோழி கரையில் முன்னும் பின்னும் ஓடியது. வயிறு நனையுமட்டும் இறங்கி, கால் எட்டாமல் திரும்பியது. அதன் அலறலைக் கேட்டு, வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வாத்து பாய்ந்து வந்தது. ஒவ்வொன்றாய்க் கரைக்குத் தள்ளியது.

"என்னக்கா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையேடி. குளிப்பாட்டித்தான் கூட்டிட்டு வந்தேன்."

வாத்து ஒரு குஞ்சை முகர்ந்தது. "புழுதியிலயா?"

"வேற எதுல குளிப்பாட்டுவாங்க?"

வாத்து திட்டவில்லை. "என் மேல ஒட்டிக் கிடந்தா எண்ணெய்ப் பசை பிள்ளைங்க மேல ஏறும். உன்கிட்ட சூடு இருக்கு, பசை இல்லக்கா. இருந்த கொஞ்சத்தையும் புழுதி குடிச்சிடுச்சு."

அதுவரை தாய் வாத்துகள் மட்டும் செய்துவந்ததை அன்று குஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. வாலடியில் அலகைத் தேய்த்து எண்ணெய் எடுத்து, நடுங்கிய உடல்களில் பூசியது. "பாத்துக்குங்க. நான் இல்லாதப்ப நீங்களே செய்யணும்."

கடைசிக் குஞ்சு கண் திறக்கவில்லை. வாத்து அதைத் தன் மார்புக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டது. கிட்டே போகத் துணியாமல் கோழி தள்ளியே நின்றது.

அன்று முதல்தான் வாத்துகள், சொல்லித்தர ஆளில்லாவிட்டாலும், வாலடியில் அலகைத் தேய்த்து உடம்பெங்கும் பூசிக்கொள்கின்றன. அன்று முதல்தான் கோழி பொரித்த வாத்துக் குஞ்சுகளை இறகு முளைக்கும்வரை யாரும் ஏரியில் விடுவதில்லை.

எப்போதும் இந்த இடத்தில் கதை முடிந்ததென்று மூக்கையா எழுந்து துண்டை உதறிவிடுவார். இந்த முறை தவசி துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க மச்சான். அந்தக் கடைசிக் குஞ்சு கண்ணைத் திறந்துச்சா, இல்லையா?"