"மே"ன்னு கத்தின பச்சை இறக்கைக் குருவி

ஆப்பிரிக்காவுல, தேயிலையும் வாழையுமா மலையேறிப் போற ஒரு ஊர்ல மொரான்னு ஒரு பொண்ணு இருந்தா. உன் வயசுதான். அவ அம்மா பேரு கெமுண்டோ. சிரிக்காத, அந்த ஊர்ல அப்படித்தான் பேரு வெப்பாங்க. ம் கொட்டு.

ம்.

அவங்ககிட்ட ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. பொறந்து நாலே நாள். ஒரு நாள் மத்தியானம் பாத்தா, கொட்டில்ல குட்டியக் காணோம்! தாய் ஆடு தண்ணிகூடக் குடிக்கல. வானம் வேற கருகருன்னு வருது.

"மழை வர்றதுக்குள்ள கெடைக்கலேன்னா நரி தூக்கிட்டுப் போயிடும்டி"ன்னா அம்மா. மொராவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

அப்போ புதருக்குள்ள, "மே!"

மொரா சரசரன்னு உள்ள பூந்தா. குட்டி இல்ல. முள்ளு கீறினதுதான் மிச்சம். அப்புறம் கொஞ்சம் தள்ளி இன்னொரு "மே!" ஓடினா. அங்கயும் ஒண்ணுமில்ல.

"அம்மா, பேயாம்மா?"

"உஷ்... அசையாம உக்காரு. யாரு கத்துறான்னு பாப்போம்."

உக்காந்தாங்க. அப்போ விசுக்குன்னு கெளையில வந்து நின்னுச்சு பாரு, உன் உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு குருவி! உடம்பு சாம்பல். இறக்கை மட்டும் இலைப்பச்சை. குட்டி வால வெடுக்குன்னு தூக்கிக்கிட்டு, "மே!"

மொரா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "நீதானா!"

"இலையச் சிலந்தி நூலால தைச்சுக் கூடு கட்டியிருக்கும். நாம கிட்ட வந்துட்டோம்னு கத்துது"ன்னா அம்மா.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் குருவி லபக்குன்னு ஒரு புழுவக் கவ்விச்சு. அலக இறுக்கி மூடிக்கிச்சு. அப்போ நாலாவது தடவையா, "மே..."

மொரா துள்ளி எழுந்தா. "அம்மா! குருவி வாயத் தொறக்கவே இல்ல! இது நம்ம குட்டி!"

சத்தம் வந்த பக்கம் ஓடினாங்க. வாழைக்கு வெட்டின குழிக்குள்ள, சேறும் சகதியுமா, குட்டி நடுங்கிக்கிட்டு நிக்குது! மொரா குப்புறப் படுத்துக் கைய விட்டா, அம்மா அவ கால இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. தம் கட்டி ஒரே தூக்கு!

சடசடன்னு மழை. நனைஞ்சுக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, மூணு பேரும் வீட்டுக்கு ஓட்டம். தாய் ஆடு நக்கி நக்கிக் குட்டியக் காய வெச்சுது. குட்டி சப்பு சப்புன்னு பால் குடிச்சுது.

அவ்வளவுதான்டா செல்லம். குட்டிக்கு வயிறு ரொம்பிடுச்சு, கதையும் தீந்துடுச்சு, கண்ண மூடு.