அறுபது கிலோ

கார்ப் பந்தய வட்டாரத்தில் நாச்சிமுத்து என்று விசாரித்தால் முழிப்பார்கள். 'நாலாமிடம்' என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். பதினாறு வருஷமாகத் தேசிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் ஓட்டுகிறவர். அதில் முக்கால்வாசி வருஷம் நாலாவதாகத்தான் வந்திருக்கிறார். ஊர் திருச்செங்கோடு, தொழில் லாரிக்குப் பாடி கட்டுவது, வயது நாற்பத்து நாலு, கோபம் மூக்குக்கு மேலே.

அந்த வருஷம் டாக்டர் அவருடைய கழுத்து எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எலும்பு தேய்ந்துவிட்டதாம். இந்த ஒரு சீசன் ஓட்டிக்கொள்ளலாம், அதோடு ஹெல்மெட்டைப் பரண்மேல் போட்டுவிட வேண்டுமாம். ஒரு தடவையாவது பட்டம் வாங்காமல் எப்படிப் போடுவது? மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போய்த் தேன்மொழியின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்.

தேன்மொழி பந்தய வண்டிகளைத் தயார் செய்யும் இன்ஜினியர். முப்பத்தொரு வயது. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெரிய பெரிய டிரைவர்கள் காத்துக் கிடப்பார்கள். பதிமூன்று வயது மூத்தவரான நாச்சிமுத்து முதல் நாளே 'டீச்சர்' என்று கூப்பிட்டார், கடைசிவரை மாற்றவில்லை. டீச்சர் அவரை 'அண்ணா' என்றார். வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஓட்டுவதை நீங்கள் பாருங்கள் என்பதுதான் பேச்சு. அவரும் தலையாட்டினார்.

ஏப்ரலில் பயிற்சி ஆரம்பித்தது. அட, என்ன சோதனை! வண்டி நகரவே மாட்டேன் என்றது. பிரேக் அடித்தால் நிற்க நேரமாகிறது, வளைவில் திருப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. அதே தடத்தில் பழகிய மற்ற டிரைவர்கள் சுற்றுக்கு ஒரு நொடி வேகமாகப் போனார்கள். நாலாமிடம் இந்த வருஷம் எட்டாமிடம் ஆகப்போகிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள். நாச்சிமுத்து மே மாதத்தில் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். இரண்டு தடவையும் டீச்சர் தடுக்கவில்லை. அதனாலேயே திரும்பி வந்தார்.

ஆனால் பந்தய நாளில் அதே வண்டி சிட்டாய்ப் பறந்தது. முதல் பந்தயத்தில் முன்னணியில் போனபோது டயர் வெடித்தது. இரண்டாவதில் மூன்றாமிடம். மூன்றாவது பந்தயத்தில், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, நாச்சிமுத்து ஜெயித்தார். நாலாவதிலும் ஜெயித்தார். டீக்கடையில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. டீச்சர் ஏதோ வித்தையை ஒளித்துவைத்துப் பந்தய நாளுக்கு மட்டும் எடுக்கிறார் என்று நாச்சிமுத்து தனக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. இந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த வண்டியில் அடுத்த பந்தயத்துக்கு இருபது கிலோ இரும்புத் தகடு ஒன்றைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி ஜெயித்தால் இன்னொரு தகடு. அறுபது கிலோவோடு நிறுத்திக்கொள்வார்கள். பின்தங்கி வந்தால் எடை இறங்கும். எல்லா வண்டியும் ஒட்டி ஓடினால்தானே பார்க்கிறவர்களுக்குச் சுவாரசியம்.

இருந்தது ஆறு பந்தயம். இன்னும் இரண்டு பாக்கி. நாச்சிமுத்துவின் வண்டியில் இப்போது நாற்பது கிலோ. புள்ளியில் முன்னால் இருந்தவன் புனேக்காரன் நிகில் ராணே. கூட இருந்தவர்கள் காகிதமும் பேனாவுமாக நாச்சிமுத்துவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஐந்தாவதையும் ஜெயித்தால் கடைசிப் பந்தயத்துக்கு அறுபது கிலோ, அதோடு ஓட்டினால் பட்டத்தை மறந்துவிடலாம். ஐந்தாவதில் சும்மா பின்னால் வந்து எடையை இறக்கிக்கொள், கடைசியில் பாய்ந்து ஜெயி என்றார்கள். எல்லோரும் செய்கிறதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. ஜெயிப்பதற்கே பதினாறு வருஷம் காத்திருந்த மனுஷன், வேண்டுமென்றே தோற்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டம் கைநழுவிப் போய்விடுமே என்கிற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பயிற்சி முடிந்த ஒரு மத்தியானம் டீச்சரிடம் கேட்டேவிட்டார்.

"டீச்சர், அஞ்சாவது ரேஸை விட்டுக்குடுத்தரலாமுங்களா?"

டீச்சர் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"எடையைக் கழட்டுங்கண்ணா."

டிரைவருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு கறுப்பு மூடி இருந்தது. அதன் அடியில்தான் தகடுகள். பூட்டுவதும் கழற்றுவதும் எப்போதும் டீச்சர்தான், நாச்சிமுத்து அந்தப் பக்கம் கை வைத்ததே இல்லை. மூடியைத் திறந்து ஒரு தகட்டைத் தூக்கி வெளியே வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். நிமிரப் போனவர் அப்படியே நின்றார். உள்ளே இன்னொரு தகடு இருந்தது.

"இது ஏது? நான் ரெண்டுதானுங்களே ஜெயிச்சேன்?"

"ஏப்ரல்ல இருந்து இருக்குங்ணா. மூணுமே."

நாச்சிமுத்து அத்தனை நாளும் அறுபது கிலோவைச் சுமந்துகொண்டு பழகியிருக்கிறார். பந்தய நாள் காலையில், டிரைவர்களை உட்காரவைத்து விதிமுறை சொல்லும் நேரத்தில், டீச்சர் கணக்குக்கு மிஞ்சிய தகடுகளை இறக்கியிருக்கிறார். வித்தையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முதலில் கோபம் வந்தது. ஊரே சிரித்ததே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் கோபத்தோடுதான் கேட்டார்.

"ஏப்ரல்ல நான் ஒரு ரேஸ்கூட ஜெயிக்காத ஆளுங்க. மூணு ஜெயிச்சவனோட எடையை எம்மேல எதுக்கு ஏத்துனீங்க?"

டீச்சர் கீழே கிடந்த தகடுகளைப் பார்த்தார்.

"மூணு ஜெயிப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்ணா."

அதைச் சொன்னபோது குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நாச்சிமுத்துவைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை, அவருடைய சம்சாரம் உட்பட. மனுஷன் மூன்று தகடுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அவரே பழைய இடத்தில் வைத்துப் பூட்டினார். விட்டுக்கொடுக்கிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

ஐந்தாவது பந்தயத்தை ஜெயித்தார். நிகில் ராணேயின் ஆட்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் தங்கள் வண்டியை அன்று நிதானமாக ஓட்டவைத்து ஐந்தாமிடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடைசிப் பந்தயத்துக்கு அவன் வண்டியில் ஒரு கிலோகூடக் கிடையாது. நாச்சிமுத்துவின் வண்டியில் அறுபது. புள்ளியில் இருவரும் சமம். யார் முன்னால் வருகிறாரோ அவருக்குப் பட்டம்.

சென்னைக்கு வெளியே புரட்டாசி வெயிலில் பதினைந்து சுற்று. முதல் சுற்றிலேயே நிகில் முந்திவிட்டான். நேர் பாதையில் அவன் விலகி விலகிப் போனான். ஆனால் வளைவுக்கு வளைவு நாச்சிமுத்து வந்து ஒட்டிக்கொண்டார். கனத்த வண்டிக்கு எங்கே பிரேக் அடிக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டும் என்று அவர் யோசிக்கவே இல்லை, கையும் காலும் செய்தன. ஏப்ரலில் இருந்து இந்த வண்டியைத்தானே ஓட்டிக்கொண்டிருந்தார். பதினாலு சுற்று கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து நிகிலுக்குப் பதற்றம் ஏறியது. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் கொஞ்சம் தாமதமாக பிரேக் அடித்தான். வண்டி வெளிப்பக்கமாக அகன்றது. உள்பக்கம் திறந்த இடைவெளியில் நாச்சிமுத்து அறுபது கிலோவோடு நுழைந்தார். பாதி வண்டி நீளத்தில் பட்டம் அவருக்கு வந்தது.

மேடையில் பெயரை அறிவித்தபோது 'நாச்சிமுத்து' என்றே சொன்னார்கள். கோப்பையைத் தூக்கியபோது கழுத்து வலித்தது. வலிக்கட்டும் என்று இன்னும் உயரத் தூக்கினார். திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த லாரிக்காரர்கள் விசில் அடித்து ஓய்ந்தார்கள். டீச்சர் கூட்டத்துக்கு வரவில்லை, வண்டிப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அதிகாரிகள் வண்டியை நிறுத்துப் பார்த்து, எடை சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊருக்குக் கொண்டுபோக, நாச்சிமுத்து தன் கையால் பாடி கட்டிய லாரி தயாராக நின்றது. சீசன் முடிந்தது. இனி அந்தத் தகடுகளுக்கு வேலை இல்லை. அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தார்.

"டீச்சர், இந்த எடையை இங்கயே எறக்கிரட்டுங்களா?"

"நீங்க சம்பாதிச்சதுங்ணா. ஊர் வரைக்கும் வரட்டும்."