துண்டுக்குள் பேசிய விலை

ஒரு படி தினை கொடுத்தால் ஒரு படி உப்பு கிடைத்த காலம் அது, கேளுங்கள். அந்தக் காலத்தில் சேந்தன் என்றோர் உப்பு வணிகன் இருந்தான்.

மலைக்கு மேலே பாறைக்கொல்லை என்று ஓர் ஊர். இருபது வீடு, இருபது தினைக்காடு. ஆண்டுக்கு ஒரு முறை சேந்தன் கழுதைகளில் உப்பேற்றிக்கொண்டு அங்கே போவான். விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு விரல் என்றால் ஒரு படி தினை. ஒரு வீட்டு விலை அடுத்த வீட்டுக்குத் தெரியாது.

ஒரு பெருமழையில் மலை சரிந்தது. மற்ற வணிகர்கள் வரும் பாதை மூடிக்கொண்டது. ஆடு போகிற தடம் ஒன்று சேந்தனுக்கு மட்டும் தெரியும்.

அந்த ஆண்டு அவன் இரண்டு விரல் பிடித்தான். கொடுத்தார்கள். மறு ஆண்டு மூன்று விரல். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். மழை பொய்த்த ஆண்டு அது. உப்பில்லாமல் மாடுகள் மெலிந்தன, பிள்ளைகள் கஞ்சியைத் துப்பினார்கள். குதிரில் விதைத்தினையைத் தவிர வேறெதுவும் இல்லை.

அதையும் கொண்டுவந்தார்கள், ஒருவர் போன பிறகு ஒருவராக. பூச்சி அரிக்காமல் இருக்கச் சாம்பல் கலந்து வைத்த தினையைப் பார்த்ததுமே விதை என்று சேந்தனுக்குத் தெரிந்துவிட்டது. உறுத்தாமல் இல்லை. ஆனால், யார் கையையும் நான் பிடித்து இழுக்கவில்லையே, அவர்களாகத்தானே நீட்டுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூட்டை நிறைய நிறைய அந்தப் பேச்சும் சுலபமாக வந்தது.

கடைசியாக வந்தவள் வெள்ளைச்சி. புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைக்காரி. துண்டுக்குள் கையை விட்டவள் விரலைக் கொடுக்கவில்லை.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள் அண்ணே. மற்ற வீடுகளில் விதை இருக்கிறதா? இருந்தால் விதைப்புக்குக் கைமாற்றாக வாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் இதைக் கொடுக்க மாட்டேன். உப்பில்லாமலே கிடந்துவிட்டுப் போகிறோம்."

பத்தொன்பது வீட்டு விதையும் அவன் முதுகுக்குப் பின்னால் மூட்டையாகக் கிடந்தது.

"அடுத்தவர் துண்டுக்குள் நடந்ததைச் சொல்வது வணிகனுக்கு முறையில்லை, தங்கச்சி."

முறைதான். பொய்யும் இல்லை. அவள் விரலைக் கொடுத்தாள்.

மறு ஆண்டு அவன் மலையேறியபோது ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பத்தொன்பது வீட்டுக் கதவுகளும் திறந்தே கிடந்தன. ஆளைக் காணோம். வெள்ளைச்சி மட்டும் தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பற்றி அவன் கேட்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன மண்மேடுகள் இருந்தன.

"விதை கேட்கக் கிளம்பினேன் அண்ணே," என்றாள். "வழியிலேயே எல்லாரையும் பார்த்தேன். அவர்கள் என் வீட்டுக்கு விதை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள்."

சேந்தன் ஒரு மூட்டையை இறக்கி அவள் முன்னால் வைத்தான். விலை ஒன்றும் வேண்டாம் என்றான்.

"உப்பு இருக்கிறது," என்றாள் அவள். "உங்களிடம் வாங்கியதுதான். போட்டுச் சமைக்கத்தான் ஒன்றும் இல்லை."

இறங்கும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. உப்பு கரைந்து கழுதைகளின் விலாவில் வழிந்தது. மூட்டைகளை மூட அவனுக்குக் கை வரவில்லை.

வாங்குகிறவர் தாமாகவே கையை நீட்டினாலும், அவர் அறிந்தாக வேண்டியதை மறைத்து முடிக்கிற வியாபாரம் திருட்டேதான், கேளுங்கள்.