கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள்

அந்தக் காலத்தில் இரும்பு இன்னும் மண்ணுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. கல்தான் கத்தி, கல்தான் கோடரி. பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். அதனால் சண்டைக்கும் குறைச்சல் இல்லை.

செம்மண் மேட்டுக்குக் கீழே ஓர் ஆறு, கரை நெடுகக் கூழாங்கல். அங்கே பதினேழு பேர் கொண்ட ஒரு கூட்டம் வேட்டையாடித் திரிந்தது. கூட்டத்துக்குக் கல் உடைத்துக் கொடுப்பவள் ஈங்கை. முள்செடியின் பெயரை அவளுக்குச் சும்மா வைக்கவில்லை, வாயைத் திறந்தாலே கீறிவிடுவாள். ஆனால் கை நல்ல கை. அவள் செதுக்கிக் கொடுத்த கல்லால் மானின் தோலை உரித்தால் ஒரு கிழிசல் விழாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மான்கள் மலைக்கு அப்பால் போய்விட்டன. கிழங்கெல்லாம் வற்றி நாராகிவிட்டது. ஈங்கையின் கைக்குழந்தை பாலில்லாத மார்பைச் சப்பிச் சப்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆற்று மடுவின் சேற்றில் ஒரு யானை சிக்கிச் செத்தது.

கூட்டமே ஓடிப்போய் அதைச் சூழ்ந்துகொண்டது. என்ன பயன்? யானைத் தோல் லேசுப்பட்டதா? மூன்றாவது இழுப்பிலேயே அவர்களிடமிருந்த கடைசிக் கோடரிக்கல் இரண்டாகப் பிளந்தது. எதிர்க்கரையில் கழுதைப்புலிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பொழுது சாய்வதற்குள் தோலைக் கிழிக்காவிட்டால் யானை அவற்றுக்குத்தான்.

ஈங்கை கல் தேடி ஓடினாள். அப்போதெல்லாம் கல்லைக் கண்ணால் பார்த்துத்தான் எடுப்பார்கள். மேலே வழவழப்பாக இருந்தால் நல்ல கல். அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்து, அடிகல்லால் ஓங்கி அடித்தாள். ஒன்று பொடிந்தது. அடுத்தது குறுக்கே உடைந்தது. அந்த வருஷத்து வெயில் கற்களின் உள்ளேயும் புகுந்து விரிசல் விழச் செய்திருந்தது. ஏழாவது கல்லும் நொறுங்கியபோது, அடிகல்லை வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, வெறும் தரையில் நான்கு முட்டைகள் இருந்தன. பால்போல வெள்ளை. நீளக் கால்களும் கறுத்த தலையும் கொண்ட ஒரு பறவை சிறகை விரித்து அவற்றை மறைத்துக்கொண்டு நின்றது.

"எடுத்துடாதம்மா," என்றது. அந்தக் காலத்தில் அதற்கு மிக மெல்லிய குரல். "தூரத்துலேருந்தே வெள்ளையாத் தெரியுது. வர்றவன் போறவன் எல்லாம் எடுத்துடறான். போன தடவை அத்தனையும் உடும்பு தின்னுடுச்சு."

"எனக்கும் வீட்டுல ஒண்ணு பாலில்லாமக் கெடக்கு," என்றாள் ஈங்கை. "இதக் குடிச்சா ரெண்டு சொட்டாவது ஊறும்."

பறவை அதை மறுக்கவில்லை. மடுவின் பக்கம் கழுத்தை நீட்டிக் காட்டியது.

"ரெண்டு சொட்டு இன்னைக்கு. நாளைக்கு? அங்க யானையே கெடக்கே."

"கிழிக்கக் கல்லுக்கு எங்க போறது?"

"கல்லக் கண்ணால பார்த்தா எடுப்பாங்க? நான் நாள் முழுக்க இதுங்க மேலதான் நடக்கறேன். ஒண்ணோட ஒண்ணு இடிச்சா சத்தம் வேற வேறயாக் கேக்கும். முழுசா இருக்கறது கணீர்னும். உள்ள விரிசல் விட்டது, தொண்ட கட்டினவன் மாதிரி மொனகும். தட்டிப் பாரு. நான் சொன்னது பொய்யின்னா முட்டைய எடுத்துக்க."

"நெசம்னா தொட மாட்டேன்," என்றாள் ஈங்கை.

வீசிய அடிகல்லை எடுத்துவந்து தட்டினாள். முனகல். இன்னொன்று, அதுவும் முனகல். பதினோரு கல் முனகியது. பன்னிரண்டாவது கல் கணீரென்றது. ஓங்கி ஒரு அடி. இலை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. விளிம்பைத் தொட்ட கட்டைவிரலில் ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இரு பக்கமும் செதுக்கி முடிக்கும் நேரத்தில் கொழுந்தன் புங்கன் ஓடிவந்தான்.

"அண்ணி, கழுதைப்புலிங்க தண்ணியில எறங்கிடுச்சு!" என்றவன் கீழே பார்த்தான். "அட, முட்டை!"

குனிந்தவனின் மணிக்கட்டில் புதுக் கல்லின் விளிம்பு பட்டது.

"கைய எடு, புங்கா."

"உங்களுக்குத்தான் அண்ணி, கொழந்தைக்குத்தான். ஆபத்துக்குப் பாவமில்ல."

ஈங்கை எச்சிலை விழுங்கினாள். அவளும் மூன்று நாளாகப் பட்டினி. "இந்தக் கல்லு இவ குடுத்தது. வாக்குக் குடுத்துட்டேன். நட."

புங்கன் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான்.

பொழுது சாய்வதற்குள் யானையின் தோல் கிழிந்தது. கழுதைப்புலிகளுக்கு எலும்பு மிஞ்சியது. மூன்றாம் நாள் ஈங்கைக்குப் பால் ஊறியது. அதற்கு மறுநாள் குழந்தை தொண்டை கிழிய அழுதது. அந்த அழுகையைக் கேட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ஈங்கை யானையின் நல்ல கறியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு பறவையிடம் போனாள்.

"நான் புழு பூச்சி தின்னறவ, தாயே. இத வச்சு நான் என்ன பண்றது?" என்றது அது.

வெறுங்கையோடு திரும்ப ஈங்கைக்கு மனம் வரவில்லை. கறியிலிருந்த கொழுப்பை எடுத்தாள். கல் உடைத்த பொடியை அதில் குழைத்து முட்டைகளில் பூசினாள். மேலே கரியால் புள்ளி வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் முட்டையைக் காணோம், எல்லாம் கூழாங்கல்தான்! பெற்றவளே திகைத்துப்போய், தன் முட்டையை மிதிக்கப் போனாள்.

"உடும்புக்குத் தெரியாது, சரி. உங்க ஆளுங்களுக்கும் தெரியாதே. கல்லுன்னு நெனச்சு மிதிச்சுட்டா?"

"ஆள் வந்தாக் கத்து. அடிவயித்துலேருந்து கத்து. கேட்டதும் எங்க ஆளுங்க நின்னு, காலடியப் பார்த்துப் போவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

பறவை கத்திப் பழகியது. அதற்குப் பிறகு அந்தக் குரல் அடங்கவே இல்லை. முட்டையும் அதே நிறத்தில் இடப் பழகிக்கொண்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அது தாய்க்குத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் மழை பெய்தது. மான்கள் திரும்பின. புங்கனும் ஆட்களும் பதுங்கிப் பதுங்கிப் போவார்கள். தலைக்கு மேல் பறவை வட்டமிட்டுக் கத்தும். மான்கள் சிட்டாய்ப் பறந்துவிடும்.

"உங்க நன்றி ரொம்ப நல்லாருக்கு அண்ணி!" என்று கொதித்தான் புங்கன். "மூணு நாளா ஒரு மான் நிக்கல. ஒரே கல்லு, அவ வாய அடைச்சிடறேன்." குனிந்து ஒரு கல்லை எடுத்தான்.

"எறி," என்றாள் ஈங்கை. "எறியறதுக்கு முன்னால அந்தக் கல்லத் தட்டிப் பாரு."

பழக்கத்தில் தட்டினான். கணீரென்றது. இப்படித் தட்டிக் கேட்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அவனுக்கும் தெரியும். கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு, காலடியைப் பார்த்துப் பார்த்து அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.

அன்று முதல்தான் ஆட்காட்டிக் குருவியின் முட்டை கல்லோடு கல்லாகக் கிடக்கிறது. அன்று முதல்தான் ஆள் தலை தெரிந்ததும் அது காட்டையே கூட்டுகிறது. வேட்டைக்குப் போகிறவன் அதை வாய்க்கு வந்தபடி வைகிறான், கையில் கல் இருந்தும் எறிவதில்லை.